பெட்டி பெட்டியாக நாற்பது மாடி: முன்தயாரிப்புக் கட்டுமானம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழிற்சாலையில் அறை அறையாகச் செய்து, லாரியில் ஏற்றி வந்து, கிரேனால் தூக்கி அடுக்கி நாற்பது மாடி கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எவருக்கும் முதலில் வருவது சந்தேகம்தான். அது நியாயமான சந்தேகம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எந்தக் கேள்வியில் தொடங்கினாலும் பதில் கடைசியில் இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில்தான் போய் நிற்கும். நல்ல அறை ஒன்றைத் தொழிற்சாலையில் செய்வது இன்று பெரிய காரியமில்லை, அதை அடுத்த அறையோடு சேர்ப்பதில்தான் இந்தத் தொழிலின் கஷ்டமெல்லாம் இருக்கிறது.

பிரீஃபேப், பிரீகாஸ்ட், மாடுலர்... எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. ஆனால் செய்திகளில் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பித்தான் எழுதுகிறார்கள். பிரீஃபேப் என்பது பொதுப்பெயர், கட்டும் இடத்துக்கு வெளியே செய்து கொண்டுவரும் எதுவும் அதில் அடங்கும். பிரீகாஸ்ட் என்றால் முன்வார்ப்பு: கான்கிரீட்டை அச்சில் ஊற்றி, இறுகிய பிறகு தூணாகவோ பீமாகவோ சுவராகவோ படிக்கட்டாகவோ எடுத்து வருவது. மாடுலர் என்றால் அறையே முழுதாக வந்துவிடும். தரை, சுவர், கூரை, ஜன்னல், ஒயரிங், குழாய் எல்லாம் உள்ளேயே இருக்கும், சில இடங்களில் டைல்ஸும் வாஷ்பேசினும்கூட ஒட்டித்தான் வரும். இந்தப் பெட்டியைத்தான் மாட்யூல் என்கிறோம். இடைவழி ஒன்றும் உண்டு: கட்டடத்தை வழக்கம்போல் கட்டிவிட்டு, குளியலறையை மட்டும் பெட்டியாகச் செய்து உள்ளே தள்ளுவார்கள். குழாய் வேலை, டைல்ஸ், நீர்க்கசிவுத் தடுப்பு என்று அதிகம் தகராறு தரும் அறை அதுதான் என்பதால், அதை மட்டும் தொழிற்சாலைக்கு அனுப்பினாலே பாதித் தலைவலி போய்விடும்.

பெட்டிமேல் பெட்டி வைத்தால் காற்றில் ஆடி விழாதா?

வெறும் பெட்டிகளை மட்டும் அடுக்கினால் ஒரு உயரத்துக்கு மேல் நிற்காது, உண்மைதான். எடையைக் கீழே இறக்குவது பெட்டிக்குச் சுலபம். பக்கவாட்டில் தள்ளும் காற்றைத் தாங்குவதுதான் அதற்குக் கஷ்டம். அதனால்தான் உயரமான மாடுலர் கட்டடங்களில் பெரும்பாலும் நடுவில் லிஃப்ட்டும் படிக்கட்டும் இருக்கும் பகுதியை அங்கேயே கான்கிரீட் ஊற்றி ஒரு கோபுரமாக எழுப்புகிறார்கள். பெட்டிகள் அந்தக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். காற்றின் தள்ளல் ஒரு பெட்டியிலிருந்து பக்கத்துப் பெட்டிக்கு, அங்கிருந்து நடைபாதைத் தளத்துக்கு, அங்கிருந்து கோபுரத்துக்கு என்று போய்ச் சேரும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி பலவீனமாக இருந்தாலும் மற்ற எல்லாக் கண்ணிகளின் பலமும் வீண்.

கீழ்த்தளங்களும் பொதுவாகப் பெட்டியாக இருக்காது. வாகன நிறுத்தம், கடை, வரவேற்புக் கூடம் என்று அகலமான இடம் வேண்டியிருப்பதால் அவற்றை வழக்கமான முறையில் கட்டி, மேலே தடிமனான ஒரு தளம் போட்டு, அதன்மேல்தான் பெட்டி அடுக்கத் தொடங்குவார்கள்.

எவ்வளவு உயரம் வரை கட்டியிருக்கிறார்கள்?

சிங்கப்பூரில் கிளமெண்ட் கேனபி என்ற குடியிருப்பில் 40 மாடிக் கோபுரங்கள் இரண்டு, ஏறக்குறைய 140 மீட்டர் உயரம், 1,866 கான்கிரீட் பெட்டிகள். 2019-இல் முடிந்தது. அதே ஊரில் அதற்குப் பிறகு வந்த அவென்யூ சவுத் ரெசிடென்ஸ் 56 மாடி, 190 மீட்டரைத் தாண்டுகிறது. லண்டனின் கிராய்டன் பகுதியில் 2020-இல் முடிந்த இரட்டைக் கோபுரங்கள் 44 மாடியும் 38 மாடியும், அங்கே உருக்குச் சட்டகம் போட்ட 1,526 பெட்டிகள்.

சிங்கப்பூர் இதில் முன்னால் போனதற்குக் காரணம் உண்டு. கட்டுமானத்துக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்களையே பெரிதும் நம்பியிருந்த நாடு, ஆள்தேவையைக் குறைக்க 2014 முதல் சில அரசு நிலங்களை விற்கும்போதே பெட்டி முறையில்தான் கட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டது. அப்படித் தொடர்ந்து வேலை கிடைக்கும் என்று தெரிந்தால்தான் தொழிற்சாலை போட ஆள் வரும்.

பெட்டிகளை எப்படி இணைக்கிறார்கள்?

இதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஆனால் குறைவாகத்தான் கேட்கிறார்கள்.

உருக்குப் பெட்டி என்றால் நான்கு மூலைகளிலும் தூண் இருக்கும். கீழ்ப்பெட்டியின் தூண் தலையில் ஒரு தகடும் அதில் ஒரு முளையும் வைத்து, மேல்பெட்டி அந்த முளையில் வந்து உட்காரும்படி செய்வார்கள். பிறகு போல்ட் முடுக்குவார்கள். அதே தகடு பக்கத்துப் பெட்டியையும் சேர்த்துப் பிடிக்கும். நான்கு பெட்டிகளின் மூலைகள் சந்திக்கும் இடத்தில் மேலும் கீழுமாக எட்டு மூலைகள் ஒரே முடிச்சில் வருகின்றன. எல்லாப் பெட்டியும் வைத்த பிறகு அந்த முடிச்சுக்குள் ஸ்பேனரை நுழைக்கக் கை போகுமா? வரைபடத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். ஆகவே இணைப்பை வடிவமைக்கிறவர், அதைக் கடைசியில் முடுக்கப்போகிற ஆள் எங்கே நிற்பார், எதைப் பார்ப்பார் என்று முதலில் யோசிக்க வேண்டும்.

கான்கிரீட் பெட்டியில் வேறு வழி. பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளின் மெல்லிய சுவர்கள் இரண்டுக்கும் நடுவே சிறு இடைவெளி விட்டு, அதில் கம்பி இறக்கி, இளகிய சிமென்ட் கலவையான கிரவுட்டை ஊற்றி இரண்டையும் ஒரே சுவராக்கிவிடுவார்கள். மேல்சுவரையும் கீழ்ச்சுவரையும் சேர்க்க, முன்வார்ப்புத் தூண்களுக்கு வெகுகாலமாகப் பயன்படும் உறை இணைப்பையே பயன்படுத்துவதுண்டு. ஒரு துண்டிலிருந்து நீட்டியிருக்கும் கம்பி மற்றத் துண்டுக்குள் புதைத்த உருக்குக் குழலுக்குள் நுழையும், குழலுக்குள் கிரவுட்டை அழுத்திச் செலுத்துவார்கள். 1960-களின் இறுதியில் ஆல்ஃபிரட் யீ என்ற பொறியாளர் கண்டுபிடித்தது இது. ஹொனலூலுவில் அலா மோவானா ஹோட்டலின் தூண்களில் முதலில் பயன்பட்டது.

குழலின் அடித்துளையில் செலுத்தினால் மேல்துளை வழியாகக் கிரவுட் வெளியே வர வேண்டும். வந்தால் உள்ளே நிரம்பிவிட்டது என்று அர்த்தம். வரவில்லை என்றால் எங்கோ அடைப்பு, அல்லது அடியில் கசிவு. அந்த நேரத்தில் "பரவாயில்லை, மேலிருந்து ஊற்றிவிடலாம்" என்று யாராவது சொன்னால் உள்ளே காற்றுக்குமிழி தங்கிவிடும். அப்புறம் வெளியிலிருந்து பார்த்து எவராலும் கண்டுபிடிக்க முடியாது. மாடுலர் கட்டுமானத்தில் தொழிற்சாலையின் தரச்சான்றிதழை எல்லோரும் பெருமையாகக் காட்டுகிறார்கள். எனக்கு அதைவிடக் கிரவுட் செலுத்திய நாளில் ஒவ்வொரு துளைக்கும் எழுதிய பதிவேடுதான் முக்கியம்.

இப்படிக் கட்டியது எப்போதாவது இடிந்திருக்கிறதா?

ஆம். இந்தத் துறையில் இருக்கிற எவரும் மறக்கக்கூடாதது ரோனன் பாயிண்ட். கிழக்கு லண்டனில் 22 மாடி, பெரிய முன்வார்ப்புச் சுவர்ப்பலகைகளை அடுக்கிக் கட்டியது. சட்டகமாகத் தூண் பீம் எதுவும் கிடையாது, சுவர்மேல் தளம், தளத்தின்மேல் சுவர், அவ்வளவுதான். குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 1968 மே 16 அதிகாலை, 18-ஆவது மாடியில் மூலை வீட்டில் சமையல் எரிவாயு கசிந்து வெடித்தது. பெரிய வெடிப்பில்லை, அந்த வீட்டில் இருந்தவரே உயிர் பிழைத்தார். ஆனால் அந்த வெடிப்பு வெளிச்சுவர்ப்பலகையைத் தள்ளிவிட்டது. அந்தச் சுவரை நம்பி மேலே இருந்த தளங்கள் இறங்கின, அவை விழுந்த பாரத்தில் கீழே இருந்த தளங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள்.

பலகைகள் உடைந்ததால் நடந்த விபத்து என்று இதைச் சொல்ல முடியாது, பலகைகளை ஒன்றோடொன்று கட்டிப்போட எதுவும் இல்லாததால் நடந்தது. எடையும் உராய்வும் கொஞ்சம் கலவையும்தான் அவற்றைப் பிடித்து வைத்திருந்தன. பிற்பாடு 1986-இல் அந்தக் கட்டடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தபோது, கலவை நிரம்பியிருக்க வேண்டிய இணைப்புகள் சிலவற்றில் வெற்றிடமும் பழைய செய்தித்தாளும் கிடந்தன. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது, ஏனென்றால் அங்கே வாழ்ந்தவர்களுக்கு அதைத் தெரிந்துகொள்ள எந்த வழியும் இருக்கவில்லை.

இதிலிருந்துதான் விதிகள் மாறின. ஒரு சுவரோ தூணோ போனாலும் கட்டடம் அந்த அளவுக்கு மேல் இடியக்கூடாது, சேதம் காரணத்துக்கு மீறியதாக இருக்கக்கூடாது என்ற நிபந்தனை பிரிட்டனில் 1970-இல் வந்து, பிறகு உலகெங்கும் பரவியது. இன்றைய பெட்டிக் கட்டடங்களில் ஒரு மூலைத் தூண் இல்லாமலே போனாலும் அந்தப் பெட்டி பக்கத்துப் பெட்டிகளில் தொங்கிக்கொண்டு நிற்கும்படி குறுக்கும் நெடுக்கும் மேலும் கீழும் கட்டுகள் போடுகிறார்கள். போட வேண்டும்.

நிலநடுக்கம் வந்தால்?

எந்த முறை என்பதைப் பொறுத்தது. 1988 டிசம்பரில் ஆர்மீனியாவில் நடந்த நிலநடுக்கத்தில், லெனினாக்கான் (இன்றைய கியூம்ரி) நகரில் முன்வார்ப்புத் தூண்களையும் பீம்களையும் கோத்துக் கட்டிய ஒன்பது மாடிக் கட்டடங்கள் கூட்டம் கூட்டமாக இடிந்தன. அதே நகரில் பெரிய சுவர்ப்பலகைகளால் கட்டிய கட்டடங்கள் நின்றன. இரண்டும் முன்வார்ப்புதான்! முதல் வகையில் பாரமெல்லாம் சில இணைப்புகளில் குவிந்தது, அந்த இணைப்புகள் மோசமாக இருந்தன. இரண்டாவது வகையில் சுவர்கள் நிறைய இருந்ததால் தள்ளல் பகிர்ந்துபோனது.

பிறகு நடந்த ஆராய்ச்சியில் வேறொரு யோசனை பிறந்தது. முன்வார்ப்பு இணைப்பை ஒரே வார்ப்பு போல இறுக்கமாக்கப் பார்ப்பதற்குப் பதிலாக, அது கொஞ்சம் திறந்து மூடட்டும் என்று விட்டு, உள்ளே இழுத்துக் கட்டிய உருக்கு வடத்தால் திரும்பப் பழைய இடத்துக்கே கொண்டுவருவது. சான் ஃபிரான்சிஸ்கோவில் 39 மாடி பாராமவுண்ட் கட்டடம் இந்த வழியில் கட்டியதுதான். அந்த ஊரின் நிலநடுக்க வரலாறு தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நம்பிக்கை என்று புரியும்.

19 நாளில் 57 மாடி கட்டினார்களாமே, உண்மையா?

உண்மை. சீனாவின் சாங்ஷா நகரில், 2015-இல், ஒரு நாளைக்கு மூன்று மாடி வீதம். வீடியோவைப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 19 என்பது துண்டுகளைக் களத்தில் பூட்டிய வேலைநாட்கள் மட்டும். அதற்கு முன் 2,736 துண்டுகளைத் தொழிற்சாலையில் செய்ய நாலரை மாதம் ஆனது. நடுவில் அனுமதிச் சிக்கலில் வேலை வெகுகாலம் நின்றும் கிடந்தது, அந்த நாட்களும் கணக்கில் வராது. இன்னொன்று, அங்கே வந்தவை அறைப் பெட்டிகள் இல்லை. குழாயும் ஒயரும் உள்ளே வைத்த தளப்பலகைகளும் தூண்களும்தான்.

இதைச் சொல்வது அந்தச் சாதனையைக் குறைப்பதற்கில்லை. வேகம் எங்கிருந்து வருகிறது என்று சரியாகப் புரிய வேண்டும் என்பதற்காக. அடித்தளம் தோண்டும்போதே தொழிற்சாலையில் 30-ஆவது மாடி தயாராகிக்கொண்டிருக்கும், மழை பெய்தாலும் அந்த வேலை நிற்காது. இரண்டு வேலை ஒரே நேரத்தில் நடப்பதுதான் லாபம். 1968-லேயே அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் 21 மாடி ஹோட்டல் ஒன்றை, அங்கே நடந்த உலகக் கண்காட்சி தொடங்கும் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்பதற்காக, அறைகளைக் கான்கிரீட் பெட்டியாக வார்த்துத் தூக்கி வைத்து 202 நாளில் கட்டி முடித்தார்கள். அதாவது இது புது யோசனையே இல்லை.

ஒரு மில்லிமீட்டர் பிசகினால் என்ன ஆகிவிடும்?

ஒரு பெட்டியில் ஒன்றும் ஆகாது. நாற்பது பெட்டி உயரத்தில் ஆகும். பிசகு ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம் என்று வந்தால் ஒன்றையொன்று ஓரளவு சரிக்கட்டிக்கொள்ளும். ஆனால் அச்சே ஒரு பக்கம் 1 மில்லிமீட்டர் சாய்வாக இருந்தால் ஒவ்வொரு பெட்டியும் அதே பக்கம் சாயும், நாற்பதாவது மாடியில் அது 40 மில்லிமீட்டராக நிற்கும். கொத்தனார் செங்கல் வைக்கும்போது வரிக்கு வரி தூக்குக்குண்டு விட்டு, ரசமட்டம் வைத்து, கலவையைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்துகொண்டே போவார். பெட்டிக்கு அந்த வசதி கிடையாது. வந்தது வந்ததுதான். தகடு செருகி மட்டம் பிடிப்பது மட்டும்தான் வழி, அதையும் ஒவ்வொரு மாடியிலும் சர்வே செய்து, அடுத்த மாடி ஏறுவதற்கு முன்பே செய்ய வேண்டும்.

நியூயார்க்கில் புரூக்ளினில் 461 டீன் ஸ்ட்ரீட் என்று 32 மாடிக் கட்டடம். 930 உருக்குப் பெட்டிகள். 2012 டிசம்பரில் தொடங்கியபோது இரண்டு வருடத்துக்குள் முடியும் என்றார்கள். பெட்டிகள் நேராகப் பொருந்தாத பிரச்சினையும் நீர்க்கசிவும் வந்து, வேலை பாதியில் நின்று, கட்டியவரும் கட்டச் சொன்னவரும் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டு, கடைசியில் 2016-இல்தான் திறந்தார்கள். வடிவமைப்பில் தவறு என்று ஒரு பக்கம், செய்ததில் தவறு என்று மறுபக்கம். அந்த வழக்கில் யார் சரி என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, பெட்டியைச் செய்கிறவரும் அதை அடுக்குகிறவரும் எவ்வளவு பிசகு வரை ஏற்கலாம் என்று ஒரே எண்ணை முதலிலேயே எழுதி ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதுதான்.

இதிலேயே இன்னொரு நுட்பம்: கான்கிரீட் கோபுரம் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும், பக்கத்தில் நிற்கும் உருக்குத் தூண்கள் அப்படிச் சுருங்காது. இரண்டையும் அசையாமல் பூட்டிவிட்டால் இணைப்பில் வீண் விசை ஏறும். அதனால் கோபுரத்தோடு பெட்டியைப் பிடிக்கும் தகட்டில் போல்ட் துளையை மேலும் கீழும் நீளமாக வெட்டி, செங்குத்தாக நகர இடம் விடுவார்கள், பக்கவாட்டில் மட்டும் விடாமல் பிடிப்பார்கள்.

தீப்பிடித்தால் பெட்டி ஆபத்தா?

பெட்டிக்குள் தீ பிடித்தால் அது பக்கத்துக்குப் போக இரண்டு சுவரைத் தாண்ட வேண்டும் என்பதால் ஒருவகையில் நல்லது. கவலை பெட்டிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில். சுவருக்கும் சுவருக்கும் நடுவே, கூரைக்கும் மேல்தரைக்கும் நடுவே, கட்டடம் முழுக்க ஒரு மெல்லிய வெற்றிடம் ஓடுகிறது. புகையும் தீயும் அதற்குள் புகுந்தால் கண்ணுக்குத் தெரியாமல் எங்கும் போகும், தீயணைப்பு வீரர்களால் அங்கே எட்டவும் முடியாது. ராக்வூல் போன்ற எரியாத தடுப்பை ஒவ்வொரு பெட்டியின் விளிம்பிலும் வைத்து அந்த வெற்றிடத்தைத் துண்டு துண்டாக அடைக்க வேண்டும். மேல்பெட்டியை இறக்கும்போது அந்தத் தடுப்பு நகர்ந்துவிட்டால் பிறகு யார் கண்ணிலும் படாது. அதனால் பெட்டி இறங்குவதற்கு முன் ஒவ்வொரு விளிம்பையும் படம் எடுத்து வைப்பது நல்ல பழக்கம்.

பக்கத்து வீட்டுச் சத்தம்?

குறைவு. இரட்டைச் சுவர், நடுவில் இடைவெளி. இந்த ஒரு விஷயத்தில் பெட்டிக்குப் போட்டியே இல்லை.

செலவு குறையுமா?

எப்போதும் இல்லை. ஒரே மாதிரி அறைகள் நூற்றுக்கணக்கில் வேண்டும் என்றால் குறைய வாய்ப்புண்டு, அதனால்தான் ஹோட்டல், மாணவர் விடுதி, வாடகைக் குடியிருப்பு இவற்றில் இந்த முறை முதலில் வேர்பிடித்தது. மறுபக்கம், இரட்டைச் சுவரும் இரட்டைத் தளமும் பொருளையும் இடத்தையும் விழுங்கும். உயரக் கட்டுப்பாடு உள்ள இடத்தில் தளத்தின் தடிமனால் ஒரு மாடியையே இழக்க நேரலாம். கான்கிரீட் பெட்டி 20 டன்னைச் சாதாரணமாகத் தாண்டும், அதைத் தூக்கப் பெரிய கிரேன் வேண்டும், காற்று அடித்தால் அந்த நாள் வேலை இல்லை. சாலையின் அகலமும் பாலங்களின் உயரமும்தான் உங்கள் அறையின் அளவைத் தீர்மானிக்கும்.

பணம் போகும் வேகமும் வேறு. வழக்கமான முறையில் கட்டக் கட்டப் பணம் கொடுப்போம், இங்கே களத்தில் ஒரு பெட்டிகூட ஏறாத நிலையிலேயே பெரிய தொகையைக் கொடுத்திருப்போம். நடுவில் தொழிற்சாலை மூடிவிட்டால்? அமெரிக்காவில் 2015-இல் தொடங்கிய கட்டெரா நிறுவனம் 200 கோடி டாலருக்கு மேல் முதலீடு திரட்டியும் 2021-இல் மூடியது. பிரிட்டனிலும் 2023-இல் பெரிய தொழிற்சாலைகள் சில அடுத்தடுத்து நின்றன. வேலை வந்தாலும் வராவிட்டாலும் தொழிற்சாலைக்குச் செலவு ஓடிக்கொண்டே இருக்கும், வீடு கட்டும் தொழிலோ ஏறி இறங்கும் தொழில். மற்றத் துண்டுகளை வேறு ஒருவர் செய்து தரலாமே என்றால், ஒவ்வொரு தொழிற்சாலையின் இணைப்பும் வேறு வேறு வடிவம், ஒன்றின் பெட்டி இன்னொன்றில் உட்காராது.

எல்லா வீடும் ஒரே அச்சாக இருக்குமே?

கனடாவின் மாண்ட்ரியாலில் ஹாபிடாட் 67 என்ற குடியிருப்பைப் பாருங்கள். மோஷே சாஃப்டி என்ற இளம் கட்டடக் கலைஞர் 354 கான்கிரீட் பெட்டிகளை முன்னும் பின்னுமாகத் தள்ளி அடுக்கி, கீழ்வீட்டின் கூரை மேல்வீட்டுக்குத் தோட்டமாகும்படி செய்தார். ஒரே பெட்டிதான், ஒரே மாதிரி வீடு இல்லை. ஆனால் அப்படித் தள்ளி வைக்கும்போது பாரம் நேராக இறங்காது, ஒவ்வொரு இணைப்பும் தனிக் கணக்காகிவிடும். செலவும் கூடும். விரும்பினால் முடியும், இலவசமாக முடியாது.

பழைய பெட்டியைக் கழற்றிப் புதியது மாட்டலாமா?

அந்தக் கனவோடு கட்டியதுதான் டோக்கியோவின் நாககின் கேப்சூல் கோபுரம், கிஷோ குரோகாவா வடிவமைத்தது, 1972. இரண்டு கான்கிரீட் கோபுரங்களில் 140 பெட்டிகள், ஒவ்வொன்றையும் நான்கே போல்ட்டில் மாட்டியிருந்தார்கள். 25 வருடத்துக்கு ஒருமுறை பெட்டியை மாற்றிக்கொள்ளலாம் என்பது திட்டம். ஒன்றைக்கூட மாற்றவில்லை. பெட்டிகள் அவ்வளவு நெருக்கமாக இருந்ததால் கீழே ஒன்றைக் கழற்ற மேலே உள்ளவற்றையும் இறக்க வேண்டியிருந்தது, அதற்கு ஒவ்வொரு பெட்டியின் உரிமையாளரும் சம்மதிக்க வேண்டும். கோபுரம் 2022-இல் பிரிக்கப்பட்டது. 23 பெட்டிகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். எனக்கு மிகப் பிடித்த கட்டடங்களில் ஒன்று அது. மாட்டுவதற்கு மட்டும் யோசித்த இணைப்பு கழற்ற வராது என்று அது காட்டிவிட்டுப் போனது.

இப்படிப்பட்ட கட்டடத்தில் வீடு வாங்குகிறேன், என்ன கேட்க வேண்டும்?

இணைப்புகளைச் சோதித்த பதிவேடு இருக்கிறதா, அது தொழிற்சாலைக்கும் கட்டியவருக்கும் சம்பந்தமில்லாத ஒருவர் கையெழுத்திட்டதா என்று கேளுங்கள். குழாய்கள் மேலிருந்து கீழே வரும் பாதை நடைபாதைப் பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள், உங்கள் படுக்கையறைச் சுவருக்குள் அடைத்திருந்தால் ஒரு கசிவுக்குச் சுவரையே பிளக்க வேண்டிவரும். அப்புறம், எந்தச் சுவரைத் தொடக்கூடாது என்று குறித்த வரைபடத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூடத்தைப் பெரிதாக்க நடுச்சுவரை எடுக்கலாம் என்று உள்வேலை செய்ய வருகிறவர் ஒருநாள் நிச்சயம் சொல்வார். அவர் தட்டிப் பார்த்து ஜிப்சம் பலகைதானே என்பார், அதற்குப் பின்னால் மேலே முப்பது பெட்டியின் பாரத்தை இறக்கிக்கொண்டிருக்கும் தூண் நிற்கலாம். அந்த வரைபடத்தை அன்றைக்கு அவரிடம் காட்டுங்கள்.